பெட்ஷீட் வேலி

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே அவன் நட்டு வளர்த்த எலுமிச்சை மரத்தை, வேர் பைப்பை உடைக்கிறது என்று, பக்கத்து வீட்டில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. மறைப்பாக இருந்த மரமும் போனபின் பல் தேய்க்க வந்தால் அண்ணன் முகம், துணி எடுக்க வந்தால் அண்ணன் முகம். வேலி போட்டே தீருவது என்று முடிவு கட்டினான்.

"தகர ஷீட்டுதான். ஆறடி," என்றான் மனைவியிடம். "தெருநாய் வந்து தக்காளிப் பாத்தியக் கிளறிட்டுப் போகுது."

"ஆறடிக்கு எட்டிப் பாக்குற நாய் எதுங்க?" என்றாள் அவள்.

அவள் தையல்காரி. பழைய துணியில் ஒன்று தைத்து, போட்டுப் பார்க்காமல் நல்ல துணியில் கத்தரி வைக்கமாட்டாள். வேலிக்கும் அதே சட்டம்தான். கம்பி வலை, மரப்பலகை, செடிவேலி என்று கடைக்காரர் அடுக்கியதை எல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், எல்லையில் கழிகள் நட்டு, ஆறடி உயரத்தில் கயிறு கட்டி, பழைய பெட்ஷீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

"ரெண்டு நாள் இதோட இருந்து பாருங்க. பிடிச்சா தகரம் வாங்கலாம்."

முதல் நாளே சமையலறை இருட்டடித்தது. பாத்தியில் பாதி நிழல். "நல்லாத்தான் இருக்கு," என்றான் வீம்புக்கு. துணிக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது, ஆள் தெரியவில்லை. காய்ச்சலா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அவன் ஷெட்டில் ஒரு ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்தபோது மழை பிடித்தது.

"டேய், துணி நனையுது. உள்ள என்னடா பண்றே?"

ஓடிப்போய்ப் பார்த்தான். அண்ணன் இருமிக்கொண்டே கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமாக அள்ளிக்கொண்டு கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். பெட்ஷீட்டைத் தனி ஆளாக மடிப்பது பெரும்பாடு. அவர் ஒரு முனையை நீட்ட, இவன் மறுமுனையைப் பிடித்தான். ஒவ்வொரு மடிப்புக்கும் கொஞ்சம் கிட்டே வரவேண்டியிருந்தது. கடைசி மடிப்பில் கையோடு கை இடித்தது.

"இது காயப்போட்டதில்லண்ணே," என்றான். "வேலிக்கு அளவு பாத்தோம்."

அண்ணன் கயிற்றை நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அவ்ளோ உயரமா?"

அவன் மடித்த பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"கேட்டுட்டு வெட்டியிருக்கணும்டா. தண்ணி வீட்டுக்குள்ள வந்திருச்சு, அவசரத்துல செஞ்சுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட வர்றது?"

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

நனைந்துகொண்டு திரும்பிய மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, தகரமா?"

"மரப்பலகை. நாய் தாண்டாத உயரம் போதும். கைய ஊனிக்கிட்டுப் பேசணும்ல. நடுவுல ஒரு கேட்டும் வச்சிரலாம்."

வெளியே போனாலும் கழற்ற மறக்கும் டேப் அவள் கழுத்திலேயே கிடந்தது. அதை உருவினாள். "அப்ப மாமாவும் வாங்க. ரெண்டு பேர் முழங்கைக்கும் ஒத்து வரணும். நேரா நில்லுங்க."

சட்டைக்கு அளவு கொடுப்பவர்கள்போல அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் விறைப்பாக நின்றார்கள். அண்ணன் கொஞ்சம் உயரம். யார் அளவை எடுப்பது என்று அவள் யோசித்தாள்.

"அவன் அளவுக்கே வைம்மா," என்றார் அண்ணன். "நான் குனிஞ்சுக்கிறேன்."