அப்பா வரும் மாலை

புத்தாண்டுக்கு முந்தின நாள். சீனாவின் ஷான்தோங் மாகாணத்தில், அந்தக் கிராமத்து வாசல்களிலெல்லாம் புதிய சிவப்புத் தாள் ஒட்டியாகிவிட்டது. லான்சின் காலையிலிருந்து பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வைத்துக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாள். விவாகரத்தாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபின் அவளுக்கு வரும் முதல் புத்தாண்டு. அப்பா இறந்தபின் வரும் முதல் புத்தாண்டும் இதுதான். பொழுது சாய்ந்ததும் தம்பி தாஹாய் ஊர் எல்லைக்குப் போய், ஊதுபத்தி கொளுத்தி, முன்னோர்களோடு அப்பாவையும் வீட்டுக்கு அழைத்து வருவான். அப்போது தானும் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இருட்டறதுக்குள்ள கிளம்பிடுடி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜுல ரூம் சொல்லியிருக்கேன்."

"எனக்கா?"

"கட்டிக்குடுத்த பொண்ணு இன்னிக்கு ராத்திரி பொறந்த வீட்டு விளக்கப் பாக்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது. உனக்குத் தெரியாததா?"

"அதான் எல்லாம் முடிஞ்சு வந்துட்டேனே. இப்ப நான் எந்த வீட்டுப் பொண்ணு?"

தம்பி மனைவி நிங் குறுக்கே வந்தாள்.

"இருக்கட்டும் அத்தை. மாவு பிசைய மட்டும் அக்கா வேணுமாக்கும்? இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா?"

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நீ பேசாத. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு இவளத்தான் சொல்லும்."

நிங்கின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"'அவன விட்டுட்டு வந்துடு, உன் ரூம் அப்படியே இருக்கு'ன்னு சொன்னதே அப்பாதாம்மா. அவர் வர்றப்ப நான் இருந்தா கோச்சுக்குவாரா?"

"அவரு தனியா வரலடி. அவங்கப்பா, தாத்தா எல்லாரும் வர்றாங்க."

லான்சின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். ஆனால் போகவில்லை, எதிர்ச்சுவர் ஓரமாக நின்றாள். தாஹாய் புகையும் ஊதுபத்தியோடு தலைகுனிந்து வந்தான்.

"அப்பா, பாத்து வாங்க. வீடு வந்துடுச்சு."

அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு உள்ளே போய், கெட்ட ஆவி எதுவும் நுழையாதபடி வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒரு கம்பைப் போட்டான். அவள் கம்புக்கு வெளியே இருந்தாள்.

அம்மா வாசலுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"மூணாம் நாள் வாடி. அப்பாவ அனுப்பி வச்சதும் வந்துடு. மீன் எடுத்து வைக்கிறேன்."

"அவர் போனப்புறம் வந்து, நான் யாரப் பாக்கணும்?"

அம்மா கம்பைத் தாண்டி வரவில்லை.

லான்சின் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். லாட்ஜுக்குள் நுழையவில்லை. நகரத்துக்குப் புறப்படக் காத்திருந்த கடைசி பஸ்ஸில் ஏறி, ஊர் கண்ணில் படாத பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.