வலது பூட்ஸுக்குள் இருந்த காகிதம்

ஜூலை மாதத்தில் என்னிடம் யாரும் கால்களைப் பற்றிப் பேசக் கூடாது. பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம். விடுமுறை விட்டதும் பியூனஸ் அயர்ஸ்காரர்களும் பிரேசில்காரர்களும் குடும்பம் குடும்பமாக எங்கள் மலையூரான பாரிலோச்சேக்கு வந்து இறங்குவார்கள். அத்தனை பேரின் கால்களும் என் மடிக்குத்தான் வரும். மலையடிவாரத்தில், கம்பிவட நாற்காலிகள் மேலே கிளம்பும் இடத்துக்கு எதிரில் இருக்கிற கடையில், பனியில் ஒற்றைப் பலகைமேல் சறுக்குகிறவர்கள் போடும் ஸ்னோபோர்டு பூட்ஸ் மாட்டிவிடுவது என் வேலை. மற்றவர்கள் நின்றுகொண்டு விற்பார்கள், நான் மண்டியிட்டு விற்பேன். தேவாலயத்தில்கூட நான் இவ்வளவு மண்டி போட்டதில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கிறுக்குத்தான். இரண்டு ஜோடி காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்து, ஒரு அளவு பெரிதாகவே கொடுங்கள் என்பார்கள். வீட்டுச் செருப்பு மாதிரி தொளதொளவென்று இருந்தால்தான் சுகம் என்று நினைப்பு. அப்படி வாங்கிக்கொண்டு போனால் முதல் திருப்பத்திலேயே குதிகால் உள்ளே எழும்பும், பலகை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும், குதிகால் அசையவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் "வலிக்குதா?" என்று கேட்பேன். "வலிக்கலை" என்று பதில் வந்தால்தான் நான் எழுந்து முதுகை நிமிர்த்த முடியும்.

வாடகைக்கு எடுக்கிறவர்களை விடுங்கள். விலைக்கு வாங்குகிறவர்களுக்கு எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டிய பூட்ஸோடு மூலை பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு ஒரு ஃபிளாஸ்க் மாத்தே குடித்து முடிக்க வேண்டும். குடுவையில் இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரே குழலை மாற்றி மாற்றி உறிஞ்சி, நடுநடுவே எழுந்து நடந்து, முழங்காலை மடக்கிப் பார்த்து, ஃபிளாஸ்க் காலியாகிற வரை கழற்றக் கூடாது. மாட்டின உடனே எல்லாக் கால்களும் சமர்த்தாகத்தான் இருக்கும். ஃபிளாஸ்க் பாதியாகும்போது ஒருவருக்குச் சுண்டுவிரல் முனகும், இன்னொருவருக்குக் கணுக்கால் எலும்பு கத்தும். இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை, மலையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

யனினா வந்த சாயங்காலம் நான் ஏற்கெனவே பாதி செத்திருந்தேன். பள்ளி முடித்துச் சுற்றுலா வந்த மாணவர் கூட்டம் ஒன்று அப்போதுதான் வெளியேறியிருந்தது. கடை முழுக்க ஈரக் காலுறை நாற்றம். அவள் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, "குண்டு, இன்னும் சாகலையா நீ?" என்றாள்.

"நீ வாங்கிட்டுப் போன பிறகு சாகலாம்னு இருக்கேன், ஒல்லி" என்றேன்.

இருபது வயதில் ஒரே அறையில் ஒரே கணப்பைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அன்றைக்கும் அவள் ஒல்லி, நான் குண்டு, இன்றைக்கும் அப்படியே. அவள் மலைப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பலகைச் சறுக்கல் கற்றுக்கொடுக்கிறவள். போன பருவத்தின் கடைசி வாரத்தில், குறுக்கே வந்த ஒரு பையன்மேல் மோதாமல் இருக்கத் திரும்பி, மரத்தில் மோதி, வலது கணுக்காலைச் சுக்குநூறாக்கிக்கொண்டாள். உள்ளே தகடும் திருகுகளும் வைத்துத் தைத்திருந்தார்கள். இந்தப் பருவம் தொடங்கிப் பாதி ஓடிய பிறகு இப்போதுதான் மருத்துவர் சம்மதித்திருந்தார். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அவள் இடத்துக்கு மெந்தோசாவிலிருந்து ஒரு பையன் தயாராக நிற்கிறான் என்று பள்ளித் தலைவர் ஓரஸ்தே நேராகவே சொல்லிவிட்டாராம். இந்த மலையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. எனக்குத் தெரிந்து அவள் வேறு எதையும் தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

யனினாவுக்குப் பூட்ஸ் பார்ப்பது முன்பெல்லாம் எனக்கு ஒரு தண்டனை. மூன்று சாயங்காலம் வருவாள். இங்கே இடிக்கிறது, அங்கே இழுக்கிறது என்பாள். காலுறையின் தையல் உறுத்துகிறது என்று ஒரு முறை ஒரு நல்ல ஜோடியைத் திருப்பிக் கொடுத்தவள். அதனால் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

முதல் ஜோடி. நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டாவதும் நன்றாக இருக்கிறது. மூன்றாவது, போட்டுப் பார்த்த அத்தனை பேரின் கணுக்காலையும் கடித்த ஜோடி, யாரும் வாங்காமல் இரண்டு வருடமாகப் பரணில் கிடப்பது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறதாம். வயதானால் மனிதர்களுக்கு நல்ல புத்தி வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சோர்ந்து போனவளுக்கு நல்ல செய்தியைச் சந்தேகிக்கத் தெம்பு ஏது?

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தாள். இருப்பதிலேயே விறைப்பான பூட்ஸ்தான் வேண்டுமாம். பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் அதைத்தான் போடுகிறார்களாம், இளகலானதைப் போட்டால் கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைப்பார்களாம்.

"நீ பறக்கப் போறதில்லடி. விழுந்த குழந்தைகளைத் தூக்கி நிறுத்தப் போறே. நாள் முழுக்கக் குனியணும், நடக்கணும்" என்றேன். நடுத்தரமாக விறைப்புள்ள, குதிகாலை உள்ளிருந்தே இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஜோடியை எடுத்தேன். தகடு வைத்த கணுக்காலுக்குப் பிடிமானம் வேண்டும், ஆனால் சிறைபோல் இருக்கக் கூடாது. இடது பூட்ஸை மாட்டினேன். அதற்குள் முதலாளி கல்லாவிலிருந்து ஏதோ கேட்டார், பதில் சொல்லிக்கொண்டே வலதையும் மாட்டினேன்.

பிறகு மாத்தே. அவள் எழுந்து நடந்தாள், முழங்காலை மடக்கினாள், ஓரஸ்தேயைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காட்டினாள். சிரித்தேன். ஃபிளாஸ்க் காலியானது. "வலிக்குதா?" என்றேன். "துளிகூட இல்லை. இதுதான். கட்டிக் கொடு" என்றாள்.

இடது பூட்ஸ் கழன்றது. வலதைக் கழற்றியபோது காலுறையோடு ஒட்டிக்கொண்டு ஏதோ வந்து தரையில் விழுந்தது. காகிதம். புது பூட்ஸ் ஒவ்வொன்றின் முனையிலும் வடிவம் கெடாமல் இருக்கத் திணித்து அனுப்புகிற காகிதம். மாட்டும் முன் எடுப்பது என் வேலை, முதலாளி கூப்பிட்டதில் மறந்திருக்கிறேன். ஒரு பந்து அளவு இருந்தது அப்பளமாக நசுங்கி, அதன்மேல் ஐந்து விரல்களின் பள்ளமும் வரிசையாக விழுந்திருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் காகிதத்தை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த யனினாவைக் கண்டதும் மூடிக்கொண்டேன்.

"தெரிஞ்சுது. புது பூட்ஸ் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள்.

காலுறைத் தையல் உறுத்தியவளுக்கு இது உறுத்தவில்லையாம். காலுறையைக் கழற்றச் சொன்னேன். வலது காலை என் தொடைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொன்னேன். விளையாடாதே என்றாள். மூடுடி என்றேன். மூடினாள்.

"கட்டை விரலைக் கிள்ளுறேன். வலிக்குதா?"

"ஆ. மெதுவா, குண்டு. நகமே வெட்ட மாட்டியா நீ?"

அவள் கண்ணைத் திறந்தாள். என் இரண்டு கைகளும் மாத்தே குடுவையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பிறகு அவளே சொன்னாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கணுக்காலுக்குக் கீழே மரத்தது மரத்ததுதான். மருத்துவர் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறார், இவள் அவர் கையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவர் கண்ணை மூடச் சொல்லவில்லை. ஓரஸ்தேயிடம் சொல்லிவிடாதே என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பனியில் நிற்கிறவர்களுக்கு வலி என்பது காவல் நாய். அது குரைக்கிற வரைக்கும் பயமில்லை. மரத்த காலில் விரல் உறைந்தால் யார் வந்து சொல்வது? சாயங்காலம் கழற்றும்போது கறுத்துப்போயிருக்கும், பிறகு வெட்டுவதுதான் வழி. விற்க மாட்டேன் என்றேன். பெட்டியை மூடி மேலே கையை வைத்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கடையில கொடுப்பாங்க. நல்லா இருக்கான்னு கேப்பாங்க. நல்லா இருக்குன்னு சொல்வேன்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

மறுபடியும் மண்டியிட்டேன். உள்ளங்கால் அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் அவளை நிற்க வைத்து, விரல்கள் எங்கே முடிகின்றன என்று பார்த்தேன். பூட்ஸை மாட்டி, நடக்க வைத்து, கழற்றி, தோலில் எங்கே சிவப்புத் தடம் விழுந்திருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அவள் கால் சொல்லாததை அதன் தோலிடம் கேட்டேன். இன்னொரு ஜோடி, இன்னொரு ஜோடி என்று பார்த்து, எந்தத் தடமும் விழாத ஒன்றைக் கொடுத்தேன். ஒரே நிபந்தனை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வர வேண்டும், காலைக் காட்ட வேண்டும்.

"சரிங்க டாக்டர்" என்றாள்.

மறுநாள் மதியம் அவள் வரவில்லை. கடையில் நிற்க இடமில்லை. சாவ் பாவ்லோவிலிருந்து வந்த ஒரு அம்மாளின் கால் என் கையில் இருந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். வெளியே காற்று மாறியிருந்தது, ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. நேரம் கிடைத்திருக்காது, வருவாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அவளுக்கே இன்னும் இரண்டு ஜோடி மாட்டிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாளின் பாதி கட்டிய நாடாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். முதலாளி பின்னாலிருந்து கத்தினார். கடைச் செருப்போடு, மேலங்கிகூட இல்லாமல், குழந்தைகள் பழகுகிற சரிவுக்கு நடந்தேன். ஓட முடிந்தால் ஓடியிருப்பேன், என் முழங்கால்கள் ஓடுகிற காலம் போய்விட்டது.

யனினா வரிசையாக நின்ற பொடிசுகளுக்கு முழங்காலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, நேரமே கிடைக்கவில்லை, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். தோளைப் பிடித்து அழுத்திப் பனியிலேயே உட்கார வைத்தேன். பலகையிலிருந்து காலை விடுவித்து, நாடாவைத் தளர்த்தி, பூட்ஸையும் காலுறையையும் உருவினேன். டீச்சர் என்ன தப்பு செய்தார்கள் என்று ஒரு சிறுமி பக்கத்திலிருந்தவனைக் கேட்டாள்.

கடைசி இரண்டு விரல்களும் மெழுகாக வெளுத்திருந்தன. யனினா அவற்றை யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மலையில் இதற்கு ஒரே வைத்தியம்தான். ஸ்வெட்டரைத் தூக்கி, அந்தக் காலை என் வெறும் வயிற்றில் வைத்து, மேலே இழுத்து மூடினேன். குளிரில் எனக்கு மூச்சே நின்றது. வருடம் முழுக்கக் கால்களைத் திட்டுகிறவள், நடுப்பனியில் ஒரு காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கொழுப்பு இதற்காவது ஆகிறதே என்று யனினா சொல்லியிருக்க வேண்டிய நேரம். அவள் கண் சரிவின் மேலே இருந்தது.

மேலேயிருந்து ஓரஸ்தே பலகையில் இறங்கி வருவது தெரிந்தது.

"கீழே இறக்கு, குண்டு. அவர் வர்றார்" என்றாள். காலை இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை. கத்தட்டும், திட்டட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஓரஸ்தே பக்கத்தில் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், பனியில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் முட்டாளும் இல்லை. "என்ன யனினா, கால் வலிக்குதா?" என்றார்.

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருப்பார், இடம் தப்பியிருக்கும். அவள் வாய் அதற்குத்தான் திறந்தது. நான் பார்த்தேன். பிறகு அவள் அந்தக் குழந்தைகள் பக்கம் திரும்பினாள். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பலகையை நிறுத்தக்கூடத் தெரியாது.

"தெரியலை, ஓரஸ்தே. கணுக்காலுக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே தெரியலை. போன வருஷத்துலேர்ந்தே தெரியலை."

அவர் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழந்தைகளைப் பார்த்துத் தன் பின்னால் வரச் சொன்னார். பலகைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். தப்பு என்ன என்று கேட்ட சிறுமி மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"போச்சு" என்றாள் யனினா.

போய்விட்டதுதான். காற்று பனித்தூளை வாரி எங்கள்மேல் இறைத்தது. கடையில் பாதி கட்டிய நாடாவோடு ஒரு அம்மாள் காத்திருந்தாள். எனக்கு முதுகு வலித்தது, முழங்கால் வலித்தது, வயிறு விறைத்துப்போயிருந்தது.

யனினா என் ஸ்வெட்டரின் மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குண்டு, நீயே சொல்லு. சூடாகுதா?"

வயிற்றில் கவனம் வைத்துப் பார்த்தேன்.

"ஆகுது. சுண்டுவிரல் இன்னும் இல்லை. பக்கத்து விரல் ஆகுது" என்றேன்.