கலனில் இருந்த தண்ணீர்

மூன்றாவது முறையும் கலங்கவில்லை. ஒரு கிளாசில் ஜெலற்றின், மற்றதில் அரபுக் கோந்து. இரண்டையும் தனித்தனியே கரைத்து, இளஞ்சூட்டில் ஒன்றாக ஊற்றி, சில சொட்டு வினாகிரி விட்டால், ஒன்றின் நேரேற்றமும் மற்றதின் மறையேற்றமும் இழுபட்டு, தண்ணீர் அரிசி கழுவினதுபோல வெளுக்க வேண்டும். பிறகு தடித்த திரவம் அடியில் இறங்க, மெல்லியது மேலே நிற்கும். போன மாதம் இதே குசினி மேசையில் அப்படித்தான் நடந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான், யாழ்ப்பாணம் கம்பஸ் ஆய்வுகூடத்தில் செய்யவேண்டிய ஆய்வை அனோஜினி நாரந்தனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக் கிணறு உப்பு என்பதால், காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு கலன் நிறைய அங்கிருந்தே வந்தது.

அந்த உப்புத்தான் இப்போது அவளைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா போன அன்று அவள் யாழ்ப்பாணத்தில் பேராசிரியருக்கு முன்னால் நின்றாள். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது வாசலில் சனம். அம்மா மேரிறோஸ் நாள் முழுக்க நல்ல தண்ணி கேட்டுக்கொண்டு கிடந்ததாக அயலில் சொன்னார்கள். குடிதண்ணீர் கொண்டுவரும் பௌசர் வண்டி அந்தக் கிழமை வரவில்லை. செத்த வீடு என்றதும் மறுநாள் காலையிலேயே வந்து நின்றது, பெரிய மனது. அம்மா உப்பு வாயோடு போனாள் என்ற நினைப்பு அனோஜினிக்கு ஆறவேயில்லை. மேசைக்குக் கீழே கலன் நிறைந்தபடி நின்றதுதான் இன்னும் வலித்தது. ஒருவரும் அதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவைத்தவள் அவளேதான். ஆனாலும் சாகக் கிடந்தவளுக்குமா அந்தச் சட்டம்? அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். இராசநாயகம் தன்பாட்டில் வலையோடு கடலுக்குப் போய்வந்தார்.

கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர். உப்பு இடையில் புகுந்தால்தான் இப்படி நிற்கும். அப்போது அந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாது. கலனைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர்.

“அப்பா.”

இராசநாயகம் குசினி வாசலில் வந்து நின்றார்.

“கலனில இருந்த தண்ணி எங்க?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “கொம்மா கேட்டுக்கொண்டே இருந்தவ, பிள்ளை. கிணத்துத் தண்ணியைத் துப்பிப்போட்டா. பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு. எல்லாத்தையும் குடத்தில ஊத்தித் தலைமாட்டில வைச்சுப் பருக்கினனான். முகமும் துடைச்சு விட்டனான். பிறகு கலனைக் கிணத்தில நிரப்பி வைச்சன். உன்ர படிப்பைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு சொல்லப் பயம்.”

“குடிச்சவவோ?”

“ஓம். இனிக்குது எண்டவ.”

அனோஜினி மேசையில் தலையை வைத்து அழுதாள். இத்தனை நாளும் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே என்றும் அழுதாள். அவர் உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்து வைத்தார்.

“மிச்சம் இவ்வளவுதான். ஊத்த மனம் வரேல்லை. இதில செய்து பார்.”

அவள் வேண்டாம் என்றாள். அவர் மூடியைத் திறந்து கொடுத்தார்.

புதிதாகக் கரைத்து, சூடாக்கி, ஒன்றாக ஊற்றினாள். வினாகிரி விழுந்ததும் கிளாஸ் முழுக்க வெளுத்தது. இராசநாயகம் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். வெகுநேரம் கழித்து வெள்ளை மெல்ல மெல்ல அடியில் இறங்கத் தொடங்கியது.

“அடியில கிடக்கிறது என்ன பிள்ளை?”

“அதிலயும் கனக்கத் தண்ணிதான் அப்பா.”

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு விரலளவு மிஞ்சியிருந்த போத்தலை எடுத்து, மூடியை இறுக்கித் திருகி, மாதா படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.