பெயர் மாற்றிக்கொண்டவன்

பிடுங்கப் பிடுங்கப் பிஞ்சாகவே வந்தது. எல்லாம் விரல் பருமன்தான். இன்னும் ஆறு மாதம் மண்ணுக்குள் கிடந்திருந்தால் கை கொள்ளாத அளவுக்கு ஊறியிருக்கும் மரவள்ளி. மேடு மேடாக மண்ணைக் குவித்து நானும் என் புருஷன் யாகுரேயும் நட்டது. நட்ட கையாலேயே பிடுங்கிப் போடுகிறேன். ஊர் கூடி எடுத்த முடிவு அப்படி. கப்பலில் வந்தவர்களுக்குத் தின்ன மட்டும்தான் தெரியும், நடத் தெரியாது. கிழங்கு இல்லையென்றால் பசி தாங்காமல் வந்த வழியே போய்விடுவார்கள், அதுவரை நாம் மலையில் காட்டு வேரைத் தின்று கிடப்போம் என்றார்கள். முதலில் சாகப்போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“மதினி, வெரசா ஆகட்டும். பொழுது சாயிறதுக்குள்ள மலை ஏறணும்,” என்று கொழுந்தன் மாபே மேட்டிலிருந்து கத்தினான்.

அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து ஒர்துன்யோ வந்தான். தாடிக்குள் முகம் வற்றிக் கிடந்தது. போன வருஷம் இந்தக் கப்பல்காரன் காய்ச்சலில் விழுந்தபோது என் புருஷன்தான் தூக்கி வந்து பிழைக்க வைத்தார். அதன்பின் ஊர் நடுவில் இருவரும் பெயர் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வழக்கத்தில் பெயர் மாற்றிக்கொண்டால் அவன் அடுப்பு இவன் அடுப்பு. பசியோடு வந்து நின்றால் இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பெயர் என் புருஷனைக் காப்பாற்றவில்லை. கப்பல்காரர்கள் அவரையும் பொன் அரிக்க ஆற்றுக்கு இழுத்துப் போனார்கள். நாலு மாதமாகச் சேதி இல்லை.

“யாகுரே வந்திருக்கேன்,” என்றான். “பசி.”

கையிலிருந்த செடியைக் கீழே போட்டேன். “அவரு எங்க?”

தலையைக் குனிந்துகொண்டான். “மழைக்கு முன்னாடியே போயிட்டான். நாளெல்லாம் ஆத்துத் தண்ணியில நின்னு இருமல் வந்திருச்சு. நான்தான் குழி வெட்டினேன்.”

“என்ன பேரு சொல்லிப் பொதைச்ச?”

“ஒர்துன்யோன்னுதான். அதானே அவன் பேரு.”

இவன் முன்னால் அழக்கூடாது என்றிருந்தேன். அழுதுவிட்டேன். முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறானே, பாவி.

மாபே இறங்கி வந்தான். “ஒரு துண்டு குடுத்தாலும் ஊருக்குச் செய்யிற துரோகம், மதினி. கெடந்து சாகட்டும்.”

“உங்க அண்ணன் குடுத்த பேரு. நான் எப்படிப் பிடுங்கிக்கிறது?”

மலைக்கென்று கட்டி வைத்திருந்த ரொட்டியில் என் பங்கை எடுத்துக் கொடுத்தேன். மென்றானா விழுங்கினானா தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிழங்குக் குவியலைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“அறுவடையா! எங்க கோட்டையில எல்லாரும் பட்டினி. நீ செத்த உக்காரு, நான் பிடுங்குறேன்.”

இது அறுவடை இல்லை, அழிப்பு என்று சொல்லிவிட மாபே வாயைத் திறந்தான். நான் அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். பெயருக்குரிய ரொட்டியைக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒர்துன்யோ சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு செடியை அடியோடு பிடுங்கினான். வேரில் தொங்கிய பிஞ்சை உதறிப் பார்த்தான்.

“சின்னதா இருக்கே,” என்று சிரித்தபடி, அடுத்த மேட்டுக்கு என்னை முந்திக்கொண்டு ஓடினான். நானும் பின்னாலேயே போய்க் குனிந்தேன்.