லேபிளின் கடைசி வரி

“அந்தத் திருத்தத்த எல்லாருக்கும் சும்மா குடுத்துடலாம் சார்.”

கேட்டே விட்டாள். சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள், வேலையை விட்டுப் போகிறேன் என்று மிரட்டக்கூடச் செய், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று குழுத் தலைவர் மூன்று முறை எச்சரித்திருந்தார். எதற்கெடுத்தாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பவர் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே அப்புறம் அண்ணன். இப்போது அவர் மேசைக்கு அடியில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டார்.

மேலாளர் சிரித்தார். “இது என்ன தர்ம சத்திரமாம்மா?”

“சத்திரத்துல சாப்பிட்டுட்டுத்தானே சார் நாம ஹோட்டல் நடத்துறோம்?”

பொய்யில்லை. மருந்துப் புட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் மென்பொருளைத்தான் அந்த நிறுவனம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு விற்றுவந்தது. அதன் உள்ளே ஓடுவதோ, எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்த கணினி நிரல். சின்ன மருந்தகங்கள் அதை அப்படியே எடுத்து ஓட்டின. இவர்கள் அதற்கு நல்ல சட்டை மாட்டி விலை போட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்த நிரலில் ஒரு கோளாறு இருந்தது. மருத்துவர் எழுதியது லேபிளைவிட நீளமாகிவிட்டால், கடைசி வரி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அதை அவள் அலுவலகத்தில் கண்டுபிடிக்கவில்லை, வீட்டுக் குளியலறையில் கண்டுபிடித்தாள். போன மாதம் அம்மா அங்கே மயங்கி விழுந்து கிடந்தாள். தெருமுனைச் சின்ன மருந்தகத்தில் வாங்கிய புட்டியில் ‘காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின், ஒவ்வொரு வேளையும்’ என்றிருந்தது. ‘அரை மாத்திரை’ என்ற வரி இல்லை. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். அச்சில் வந்தது பொய் சொல்லாது என்று நம்புகிறவள். “அதுல போட்டிருந்த மாதிரிதான்டி சாப்பிட்டேன்” என்று குற்றவாளிபோல் சொன்னாள்.

அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து முப்பது வரியில் அதைச் சரிசெய்தாள் மகள். மேலாளருக்குக் கண்கள் விரிந்தன. மறுவாரமே அது ‘பாதுகாப்பு அச்சு’ என்ற பெயரில் தனி விலையோடு விளம்பரத்தில் ஏறியது. பொதுவில் இருந்த நிரல் மட்டும் வரியை விழுங்கிக்கொண்டே இருந்தது.

“இங்க பாரும்மா,” என்றார் மேலாளர், “நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு இருந்தாத்தான் வியாபாரம்.”

“சின்னக் கடையில மருந்து வாங்குறவன் தப்பா முழுங்குறான்னு நமக்கு மட்டும்தான் தெரியும். அதுவா சார் வியாபாரம்?”

“அவங்களும் நம்மகிட்ட வாங்கட்டும். யார் வேணாம்னா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் அவள்தான். சந்தேகம் கேட்க அண்ணனும் இல்லை, மாமாவும் இல்லை. அந்தப் பொது நிரலின் வலைத்தளத்தில்தான் கேட்டாள். முகம் தெரியாத ஒருவர் அவளுடைய ஓட்டை நிரலை வரிவரியாகத் திருத்தித் தந்தார். அடுத்து வந்து கேட்பவரை விரட்டாதே என்பதற்குமேல் அவர் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

“ஆபீஸ்ல எழுதுன ஒவ்வொரு வரியும் கம்பெனியோடது. கையெழுத்து போட்டிருக்க. வெளிய போச்சு, கோர்ட்டுதான்.”

“கம்பெனி வரி ஒண்ணக்கூட வெளிய விடல சார். ஆனா எங்கம்மாவோட மருந்துப் புட்டி எங்க வீட்டுது. காலையில பஸ்ல வரும்போதே அதப் போட்டோ எடுத்து அந்த வலைத்தளத்துல போட்டுட்டேன். என்ன வரி காணோம், என்ன ஆச்சுன்னும் எழுதிட்டேன்.”

அப்புறம் அண்ணனின் தலை மேசைக்கு மேலே வந்தது.

“அப்ப எதுக்கு இங்க வந்து கேட்ட?” மேலாளரின் குரல் கீச்சிட்டது.

“நீங்களே குடுத்தா கம்பெனிக்கு நல்ல பேரு. அந்த வாய்ப்ப உங்களுக்குக் குடுக்கலாம்னு பாத்தேன்.”

மேலாளர் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். அதற்குள் பதில் வந்திருந்தது. எட்டிப் பார்த்த அப்புறம் அண்ணன், யாரும் கேட்காமலே வாய்விட்டுப் படித்தார்: “அந்த இடத்தை எழுதியவன் நான்தான். மன்னியுங்கள். மாலைக்குள் சரிசெய்துவிடுகிறேன். உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?”

ஒரு மாதமாக இந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. ‘பாதுகாப்பு அச்சு’க்குப் பெயர் வைக்க மட்டும் நாலு கூட்டம் போட்டார்கள்.

பையிலிருந்து ராஜினாமா கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நேற்றே அச்சடித்தது. கழுத்து அட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டாள்.

“உனக்கு எவன் வேலை குடுக்கிறான்னு பாக்குறேன்!”

“பாருங்க சார். எனக்கும் தெரியணும்.”

அப்புறம் அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார். “உங்க வீட்டுல உன் ஒரு சம்பளம்தானே ஓடுது? அவசரப்படாதம்மா, அப்புறம்…”

“தெரியும்ணா. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டு நிமிஷம் திட்டுச்சு, அப்புறம் சோத்தப் போட்டுச்சு.”

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அட்டை காட்டாமல் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அட்டையோ மேலாளர் மேசையில். கோபமாக வெளியேறுவதற்குக்கூட இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா!

“அண்ணா, கதவு.”

அவர் திரும்பி மேலாளர் அறையைப் பார்த்தார். பிறகு தன் அட்டையைக் கதவில் வைத்தார். அது திறந்ததும் அவள் போய்விட்டாள்.