ஒரு பிள்ளைக்காகத் திறக்காத குப்பி

நான் தடுப்பூசி போடும் நர்ஸ். பதினாறு வருஷமாகத் தற்காலிகம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜிலிருந்த மருந்தெல்லாம் வீணாய்ப் போனது. புதுச் சரக்கு வர இரண்டு மாதம். அது வந்து இறங்கிய அன்றைக்கே, நிரந்தரம் கேட்டுத் தற்காலிக நர்சுகள் எல்லாரும் வேலைநிறுத்தம் தொடங்கினோம். வேண்டுமென்றேதான். மருந்து இருந்தும் போட ஆளில்லை என்றால்தானே மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும்!

மூன்றாம் நாள் என் தங்கை, நிலையத்து வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த போராட்டப் பந்தலுக்கே வந்துவிட்டாள், இடுப்பில் பதினொரு மாதப் பெண்ணோடு. வீடு மூழ்கியதிலிருந்து பள்ளிக்கூட முகாமில் நாற்பது குடும்பங்களோடு கிடக்கிறாள்.

"அக்கா, முகாம்ல ரெண்டு பிள்ளைக்குத் தட்டம்மை. இவளுக்கு ஒன்பதாம் மாசமே போட்டிருக்கணும். உள்ள போய் ஒரே ஒரு ஊசி போட்டு விட்டுடேன்."

ஒரு குப்பி பத்துப் பிள்ளைகளுக்கு. திறந்தால் ஆறு மணி நேரம்தான், மிச்சம் குப்பைக்கு. ஒரு பிள்ளைக்காகக் குப்பி திறப்பதில்லை என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். போதாததற்குப் பந்தலில் அத்தனை கண்ணும் என்மேல்.

"நேத்து ஒருத்தி வந்து கெஞ்சினா, திருப்பி அனுப்பிட்டோம். என் தங்கச்சி மகளுக்கு மட்டும் போட்டா, நாளைக்கு எந்த மூஞ்சியோட இங்க உட்காருவேன்? ஒரு வாரம் பொறுடி. குடி ஒண்ணும் முழுகிப் போகாது."

"முழுகித்தான் வந்திருக்கேன்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த ஒரு வாரம் முப்பத்தெட்டு நாளானது. பன்னிரண்டாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு ஜன்னி. எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

நாங்கள் ஜெயித்தோம். நிரந்தரம் என்று கையெழுத்தான தாளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பெரியம்மா வந்துட்டேன்டி, செல்லம்!"

வார்டு வாசலிலிருந்து நான் போட்ட கூச்சலில் மற்றக் கட்டில் பிள்ளைகளெல்லாம் திரும்பின. இவள் சுவரைப் பார்த்தபடி விரல் சப்பிக்கொண்டிருந்தாள்.

தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், பாவி நான்.

"பின்னால நின்னு கைதட்டிப் பாரு. நீ நர்சுதானே, உனக்கே தெரியும்," என்றாள்.

தட்டினேன். உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். கடைசியில் முன்னால் போய் நின்றேன். என் கைகளைப் பார்த்த பிறகுதான் பாப்பா சிரித்தாள்.