மூக்கம்மாவுக்கு எட்டாத வாசம்

பழச்சாறுத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் பன்னிரண்டு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு நாற்காலி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், எதிரே ஒரு சின்னக் கதவு. சாற்றின் நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்று விளக்கு மட்டும் சிவப்பு. கதவு திறக்கும், மூன்று கோப்பைகள் உள்ளே வரும். இரண்டில் ஒரே சாறு, ஒன்றில் வேறு. எது வேறு என்று எழுதித் தர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மூன்றாவது தடுப்பில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் மூக்கம்மா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில்தான் தேடி எடுக்க வேண்டும். ஒரு வண்டி ஆப்பிளில் நாலு பழம் அழுகியிருந்தாலும், சாறு உதட்டில் படுமுன் சொல்லிவிடுவாள். அவசரப்படவும் மாட்டாள். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, அப்புறம்தான் முகர்வாள்.

அப்பேர்ப்பட்டவள் புதுச் சாற்றில் தடுக்கி விழுந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெண், ராஸ்பெர்ரிச் சாற்றில் வயலட் எனும் ஊதாப்பூவின் வாசத்தைத் துளித்துளியாகக் கலந்திருந்தாள். மூக்கம்மாவுக்கு மூன்று கோப்பையும் ஒன்றுபோலவே இருந்தன. குருட்டாம்போக்கில் எழுதினாள். மூன்று நாள் சோதனையில் முதல் இரண்டு நாளும் தப்பு. மற்ற பதினோரு பேரும் சரி.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "வயசானா மூக்கும் ஓய்வு கேக்கும்மா. வெள்ளிக்கிழமையும் இப்படின்னா, நீங்க மூடி போடுற பக்கம் போயிடுங்க. அங்கேயும் நாலு பேர் வேணுமில்ல?"

மூடி போடுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அங்கே போய்விட்டால் அவள் யார்?

அன்று மாலை ஒரு சீசா புதுச் சாறும் ஒரு சீசா வாசம் கலக்காததும் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசையில் முறைப்படி மூன்று கோப்பைகளை வைத்தாள்.

அண்ணன் மூன்றையும் மடக்மடக்கென்று குடித்தார். "மூணும் ஒண்ணுதானே? என்ன, வினிகர் மாதிரி லேசா இழுக்குது. இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"வினிகரா?" அண்ணி நடுக் கோப்பையை எடுத்து மோந்தாள். "ஐயோ, பூக்கூடைக்குள்ள தலைய விட்ட மாதிரி மணக்குதே! அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் மூக்குல என்ன, சிமென்ட் பூசியிருக்கா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "அம்மா ஜன்னல்ல ஊதாப்பூத் தொட்டி வச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்பாவும் நாம ரெண்டு பேரும் வாசமே இல்லாத பூன்னு கேலி பண்ணுவோம். அம்மாவுக்கு மூஞ்சி தொங்கிப்போயிடும்."

அவளுக்குச் சுரீரென்றது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அப்படியானால் இது வயதின் கோளாறு இல்லையே! ஆனால், பரீட்சையில் தோற்றவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. பதற்றத்தில் வழக்கமான ஐந்து நிமிடம்கூடக் காக்காமல் கோப்பைகளை உடனே கையில் எடுத்தாள். இரண்டாவது மட்டும் சில்லென்று இருந்தது. யோசிக்காமல் 'இரண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சரியான விடை. "சளி பிடிச்சிருந்திருக்கும், நான்தான் பயமுறுத்திட்டேன்" என்று மேலாளரே வந்து சொன்னார். திங்கட்கிழமை சாறு உற்பத்திக்குப் போகிறதாம். பன்னிரண்டு பேருக்கும் மணத்துவிட்டதே!

மூக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. முகராத ஒன்றை முகர்ந்ததாக அவள் பேர் வாங்கியது அதுவே முதல் தடவை. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

"எனக்கு எந்த வாசமும் வரல. கோப்பை சில்லுனு இருந்துச்சு, அத வச்சு எழுதிட்டேன்." அண்ணன் வீட்டில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, பூ வாசம் பறந்துடக் கூடாதுன்னு அதை மட்டும் நான்தான் ஃப்ரிட்ஜில் வச்சேன். தப்பு என்னோடதுக்கா." அப்புறம் நிமிர்ந்தாள். "இது வயசு இல்லக்கா, பிறவி. இந்த வாசத்தைப் பிடிக்கிற மரபணு எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையறதில்ல. ராஸ்பெர்ரியோட புளிப்பைப் பூ வாசம்தான் மறைக்குது; அண்ணிக்குப் பூவா மணக்கிறது உங்க அண்ணனுக்கு வெறும் புளிப்பா நிக்குது. ரெண்டு பேர் சொல்றதும் நெஜம்."

மதியமே எல்லாக் கோப்பைகளையும் ஒரே குளிர்ச்சியில் வைத்து மறுபடி சோதித்தாள். பன்னிரண்டு பேரில் மூக்கம்மாவையும் சேர்த்து நாலு பேர் தப்பாக எழுதினார்கள். அதில் பக்கத்துத் தடுப்புக்காரியும் ஒருத்தி.

"மூணு நாளா சில்லுனு இருந்ததத்தான் நானும் எழுதிட்டு நிம்மதியா இருந்தேன். நீ ஏன்டி வாயத் திறந்தே?" என்று அவள் மூக்கம்மாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

மேலாளர் நாலு தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம அறையிலேயே நாலு பேர்னா, வெளியில எத்தனை பேர் இதை வினிகர்னு துப்பியிருப்பாங்க!" உற்பத்தியை நிறுத்திவைத்தார். பூ மணக்காதவர்களுக்கும் அது ருசிக்க வேண்டும். அந்த நாலு பேர் தலையசைத்தால்தான் சாறு வெளியே போகும். அவர்களுக்குத் தலைவி மூக்கம்மா.

அடுத்த இரண்டு வாரம் அவளும் ஆய்வுக்கூடத்துப் பெண்ணும் புளிப்போடு மல்லுக்கட்டினார்கள். அதிகம், இன்னும் அதிகம், இப்போது சப்பென்று இருக்கிறது என்று மூக்கம்மா தாள் தாளாக எழுதினாள். ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்ததைத் துப்பிவிடுவது வழக்கம். ஒன்பதாவது தடவை வந்த கோப்பையை அவள் துப்பவில்லை.

"என்னடி, முழுசா குடிச்சிட்டே?" என்றாள் பக்கத்துத் தடுப்புக்காரி.

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தாளிலும் அதையே எழுதினாள்.